மினி விஸ்கி பாட்டில்களை நம்பி ஐசாவை நிறுத்தலாமா?

கேள்வி: ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறேன், வயது 44. சிங்கிள் மால்ட் விஸ்கியின் (ஒரே வடிசாலையில் பார்லி மால்ட்டிலிருந்து வடித்தது) 50 மில்லி மினி பாட்டில்களைச் சேர்க்கிறேன். வடிசாலைகள் தாங்களே வெளியிட்டவை அல்ல. கார்டன் அண்ட் மெக்ஃபைல், கேடன்ஹெட், சிக்னட்டரி போன்ற சுயேச்சை நிறுவனங்கள் பீப்பாயாக வாங்கித் தங்கள் லேபிளில் அடைத்தவை மட்டும். சுமார் 350 இருக்கும். மாதம் 150 பவுண்டு பங்கு ஐசாவில் (ஆதாயத்துக்கு வரி இல்லாத பிரிட்டன் முதலீட்டுக் கணக்கு) போடுகிறேன். அதை நிறுத்திவிட்டு ஓய்வுக்காலத்துக்கு இதையே வாங்கிச் சேர்த்தால் என்ன? விற்றால் வரி உண்டா? மனைவிக்கு இதில் உடன்பாடு இல்லை.

பதில்: நான் உங்கள் மனைவி கட்சி. ஐசா அப்படியே ஓடட்டும்.

உங்கள் சேகரிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பல வடிசாலைகள் தங்கள் சரக்கைக் கலப்பு விஸ்கிக்குத்தான் அனுப்பின. சிங்கிள் மால்ட்டாக அவற்றை வெளியே கொண்டுவந்தது பெரும்பாலும் இந்தச் சுயேச்சைக்காரர்கள்தான். 1983-இல் மூடிய செயின்ட் மக்டலீன், க்ளெனூகி போன்ற வடிசாலைகளின் பழைய மினி உங்களிடம் இருந்தால் அதற்கு என்றும் ஆள் இருக்கும். அதேபோல் மூடிக் கிடந்த ப்ரோரா 2021-இலும் போர்ட் எலன் 2024-இலும் திரும்பத் திறந்தாலும், அன்று வடித்தது இனி வரப்போவதில்லை.

ஆனால் 350-இல் அப்படிப்பட்டவை எத்தனை? இருபதோ முப்பதோ தேறினால் பெரிய விஷயம். மற்றவற்றை விற்கப் போனால்தான் சிக்கல் தெரியும். உரிமம் இல்லாமல் நீங்களே மது விற்க முடியாது என்பதால் ஏல நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு மினி 20 பவுண்டுக்குப் போகிறது என்று வையுங்கள். பதிவுக் கட்டணம் 3 பவுண்டு, கமிஷன் 2 பவுண்டு என்றால் (நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும்) கால் பங்கு அங்கேயே காலி. கண்ணாடிப் பொருளைப் பத்திரமாகச் சுற்றி அனுப்பும் செலவு வேறு. பெரிய பாட்டில் ஒன்று 500 பவுண்டுக்குப் போனாலும் பதிவுக் கட்டணம் அதே 3 பவுண்டுதான். செலவைக் குறைக்க இருபது மினிகளை ஒரே கட்டாக ஏலம் விட்டால், நடுவில் இருக்கும் நல்லது ஒன்றும் சில்லறை விலைக்குப் போய்விடும்.

வாங்கும்போதும் இதே கதைதான். 700 மில்லி பாட்டில் ஒன்றில் 14 மினிகள் அடங்கும். மினி விலையை 14-ஆல் பெருக்கிப் பாருங்கள். அதே விஸ்கியின் முழு பாட்டிலைவிட நீங்கள் அதிகம் கொடுத்திருப்பது தெரியும்.

அப்புறம், ஆவியாதல். மினிகளுக்குப் பெரும்பாலும் திருகுமூடி. வருடங்கள் போகப் போக அது தளரும். பெரிய பாட்டிலில் 5 மில்லி குறைந்தால் கண்ணுக்கே தெரியாது. மினியில் அது பத்தில் ஒரு பங்கு. பாட்டிலின் தோள்பட்டைக்குக் கீழே விஸ்கி மட்டம் இறங்கிய மினியைச் சேகரிப்பாளர்கள் யோசித்துத்தான் தொடுவார்கள். பங்குகள் ஈவுத்தொகை தரும். இது சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

வரி விஷயத்தில் பயம் வேண்டாம். 6,000 பவுண்டோ அதற்குக் குறைவாகவோ விற்கும் தனிப்பட்ட உடைமைக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. உங்கள் மினி ஒன்று அந்த விலையை எட்டும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் விற்பதற்கென்றே வாங்கி, வாங்கியதை அடிக்கடி விற்றுக்கொண்டிருந்தால் அது வியாபாரம். வருமான வரிக் கணக்கில் வந்துவிடும்.

மாதம் 30 பவுண்டு மினிக்கு என்று ஒதுக்குங்கள், பொழுதுபோக்குச் செலவாக. ஓய்வுக்காலக் கணக்கில் இந்தச் சேகரிப்பின் மதிப்பைப் பூஜ்ஜியம் என்றே எழுதுங்கள். அரியவற்றை மட்டும் மட்டம் தெரியும்படி வருடம் ஒருமுறை படம் எடுத்து, வீட்டுக் காப்பீட்டில் அவை அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மற்றவற்றில் இரட்டையாக இருப்பதைத் திறந்து குடித்துவிடலாம், அதற்குக் கமிஷன் கிடையாது.