பழைய ராணுவக் கண்ணாடியை நம்பலாமா?

கேள்வி: ராணுவத்தில் கழித்துவிட்ட பழைய காகிள்ஸ் ஒன்று வாங்கினேன். கிரைண்டர் பிடிக்கும்போதும் பைக் ஓட்டும்போதும் அதுதான். ராணுவத்துக்கே தாங்கியது எனக்குத் தாங்காதா?

பதில்: புதிதாக இருந்தபோது தாங்கியிருக்கும். இப்போதும் தாங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நானும் பட்டறையில் அப்படி ஒன்றை வருடக்கணக்கில் போட்டவன். ஒருநாள் கழற்றினால் கன்னமெல்லாம் கறுப்புத் தூள். விளிம்பு ஸ்பாஞ்சு மக்கி உதிர்ந்திருந்தது. லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் தலைமுடி போல மெல்லிய விரிசல்கள். அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து காகிள்ஸ் பலவும் வெயில், காற்று, தூசிக்காகச் செய்தவை. லென்ஸ் மெல்லிய அசிடேட் பிளாஸ்டிக். பறந்து வரும் இரும்புத் துணுக்குக்கு அது போதாது. பிற்காலத்து பாலிகார்பனேட் பிளாஸ்டிக் லென்ஸ் உறுதியானதுதான். ஆனால் யாராவது தின்னர், அசிட்டோன் போட்டுத் துடைத்திருந்தால் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டிருக்கும். முந்தைய ஆள் எதைப் போட்டுத் துடைத்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

லென்ஸ், ஃபிரேம் இரண்டிலும் முத்திரையைத் தேடுங்கள். அமெரிக்கத் தரமென்றால் 'இசட்87+'. ஐரோப்பிய 'இஎன் 166' என்றால் கூடவே 'பி' (B) என்ற எழுத்து: 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு விநாடிக்கு 120 மீட்டர் வேகத்தில் மோதியும் தாங்கியது என்று பொருள். கிரைண்டருக்கு அப்படிப்பட்ட புதியது ஒன்று வாங்குங்கள், மேலே முகம் முழுக்க மறைக்கும் ஃபேஸ் ஷீல்டும் வேண்டும்.

அப்புறம், உங்களுடையது கறுப்பு லென்ஸ் என்றால் இரவில் பைக்குக்கு வேண்டவே வேண்டாம்.