வாசகர் கேள்வி-பதில்: நூர் இனாயத் கானின் பதினெட்டு எழுத்து

(இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் எஸ்.ஓ.ஈ. என்ற ரகசிய அமைப்பு, ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸுக்கு வயர்லெஸ் ஆபரேட்டராக அனுப்பிய நூர் இனாயத் கானைப் பற்றி வாசகர்கள் கேட்டவை.)

கே: நூர் திப்பு சுல்தானின் வம்சம் என்பது உண்மையா?

ஆம், தந்தை வழியில். தந்தை ஹஸ்ரத் இனாயத் கான் சூஃபி ஆசிரியர், வீணைக் கலைஞர். தாய் அமெரிக்கர். நூர் பிறந்தது 1914-இல் மாஸ்கோவில், வளர்ந்தது பாரிஸ் அருகே.

கே: பொய்யே சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர் உளவு வேலைக்கு எப்படிப் பொருந்தினார்?

பயிற்சியாளர்களில் சிலருக்கும் இதே சந்தேகம் இருந்தது. அதற்குச் செயல்முறையிலேயே விடை தேடியவர், எஸ்.ஓ.ஈ.யின் சங்கேதப் பிரிவுத் தலைவர் லியோ மார்க்ஸ்.

முதலில் அந்தச் சங்கேத முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆபரேட்டர் மனப்பாடம் செய்த ஒரு பாட்டிலிருந்து ஐந்து சொற்களை எடுப்பார். அவற்றின் எழுத்துகளுக்கு அகரவரிசைப்படி எண் போட்டால் சாவி கிடைக்கும். செய்தியை அந்த எண்களின் கீழே வரிவரியாக எழுதி, எண் வரிசைப்படி நெடுக்காக எடுக்க வேண்டும். கிடைத்ததை இதே முறையில் ஒரு சாவியின் கீழ் எழுதி மறுபடி கலைக்க வேண்டும். பாட்டின் ஒரு சொல்லில் எழுத்துப்பிழை வந்தாலோ, ஓர் எண் மாறினாலோ போதும், லண்டனில் எதுவும் படிக்க முடியாது. "மீண்டும் அனுப்பு" என்றால் ஆபரேட்டரின் உயிருக்கு இன்னொரு முறை ஆபத்து.

இதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் இரண்டு பாதுகாப்புக் குறிகள் உண்டு. வேண்டுமென்றே செய்யும் சிறு பிழைகள் அவை. ஒன்று எதிரியிடம் சொல்லிவிடலாம், மற்றது கடைசிவரை மறைக்க வேண்டியது. மறைப்பதற்குப் பொய் சொல்லியாக வேண்டும். அங்கேதான் நூருக்குச் சிக்கல். அதனால் மார்க்ஸ் அவருக்கென்று மூன்றாவதாக ஒன்று ஏற்பாடு செய்ததாகப் பின்னாளில் எழுதினார்: பதினெட்டு எழுத்து நீளமுள்ள சாவியை எப்போதும் பயன்படுத்தாதே, பிடிபட்டால் மட்டும் பயன்படுத்து. அப்போது எதிரி கேட்பதற்கு உண்மையையே சொல்லலாம். ஒரு மனிதரின் இயல்பை மாற்றப் பார்க்காமல், அந்த இயல்புக்குத் தகுந்தபடி முறையை மாற்றிய இந்த யோசனை எங்களுக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தெரிகிறது.

கே: லண்டன் திரும்பி வரச் சொல்லியும் ஏன் மறுத்தார்? கடமையா, பிடிவாதமா?

1943 ஜூன் 16 இரவு லைசாண்டர் விமானத்தில் பிரான்ஸில் இறங்கினார். பத்து நாளுக்குள் பாரிஸில் இயங்கிய எஸ்.ஓ.ஈ.யின் 'ப்ராஸ்பர்' என்ற ரகசிய வலையமைப்பு சிதைந்தது. தலைவரும் வயர்லெஸ் ஆபரேட்டரும் பிடிபட்டார்கள். திரும்பிவிடு என்று லண்டன் சொன்னது. தான் போய்விட்டால் மிஞ்சியிருக்கும் தோழர்களுக்குத் தொடர்பே இருக்காது என்று நூர் தங்கிவிட்டார். மேலதிகாரியின் சொல் ஒரு பக்கம், தோழர்கள் மறுபக்கம். அவர் தோழர்களின் பக்கம் நின்றார்.

அதன் விலை என்னவென்று தெரிய அந்த வேலையைப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் அடங்கும் வயர்லெஸ் கருவி ஏறக்குறைய 15 கிலோ. ஆன்டெனா கம்பி சுமார் 20 மீட்டர். அதை மரத்திலோ ஜன்னலுக்கு வெளியிலோ நீட்டிக் கட்ட வேண்டும். தொலைவிலுள்ள ஜெர்மானிய நிலையங்கள் மூன்று திசைகளிலிருந்து கோடு போட்டுப் பகுதியைக் கண்டுபிடிக்கும்; பிறகு வேன்கள் தெருவரை வந்துவிடும். அதனால் ஓரிடத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் அனுப்பக்கூடாது. வட்டாரம் வட்டாரமாக மின்சாரத்தை நிறுத்தி, எப்போது மோர்ஸ் ஒலி நிற்கிறது என்றும் கவனிப்பார்கள். கார் பேட்டரியில் கருவியை ஓட்டினால் இந்தக் கண்ணியிலிருந்து தப்பலாம். நூர் இடத்தையும் தோற்றத்தையும் மாற்றிக்கொண்டே ஏறத்தாழ நான்கு மாதம் தாக்குப்பிடித்தார்.

கே: தாயை ஏமாற்றிவிட்டுப் போனார் என்கிறார்களே?

ஆப்பிரிக்காவுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். அது அவரை மிகவும் வருத்தியது. உடன் பயிற்சி பெற்ற இரு பெண்கள் அவருடைய கலக்கத்தைக் கவனித்து, பெண் ஏஜென்ட்களைக் கவனித்துவந்த அதிகாரி வேரா அட்கின்ஸுக்கு எழுதினார்கள். அட்கின்ஸ் நேரில் சந்தித்தபோது, வேலையைப் பற்றி நூருக்குத் தயக்கமில்லை, பாரமெல்லாம் அம்மாவைப் பற்றித்தான் என்று தெரிந்தது. நூர் கேட்டது ஒன்றே: "காணவில்லை" என்ற செய்தி அம்மாவுக்குப் போகக்கூடாது, இறந்தது உறுதியானால் மட்டும் சொல்ல வேண்டும். அட்கின்ஸ் சம்மதித்த பிறகுதான் அவர் மனம் லேசானது.

கே: பழைய செய்திகளை நோட்டில் எழுதி வைத்திருந்தது துரோகத்துக்குச் சமமில்லையா?

இல்லை. தவறு, பெரிய தவறு. ஆனால் துரோகம் அல்ல. செய்திகளை 'ஃபைல்' செய்வதில் மிகுந்த கவனம் தேவை என்று அவருக்கு எழுத்தில் உத்தரவு இருந்தது. நிருபர்கள் 'செய்தியை ஃபைல் பண்ணிட்டேன்' என்றால் அனுப்பிவிட்டதாக அர்த்தம். உத்தரவின் பொருளும் அதுதான். நூர் அதைக் கோப்பில் பத்திரப்படுத்துவது என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. பயிற்சியை முழுதாக முடிக்குமுன் அனுப்பப்பட்டவருக்கு அப்படிப்பட்ட உத்தரவை எழுதியவர்களுக்கும் பொறுப்பு உண்டு.

1943 அக்டோபரில் அவரைப் பணத்துக்காகக் காட்டிக்கொடுத்தார்கள். கருவியும் நோட்டும் சிக்கின. விசாரணையில் அவர் தோழர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் நோட்டைப் பார்த்து அவர் பாணியிலேயே ஜெர்மானியர் லண்டனோடு பேசத் தொடங்கினார்கள். பதினெட்டு எழுத்துச் சாவியோடு ஒரு செய்தி வந்தது, நூர் பிடிபட்டார் என்று தான் தெரிவித்தும் மேலிடம் நம்பத் தயங்கியது என்கிறார் மார்க்ஸ். 1944 பிப்ரவரி இறுதியில் பாராசூட்டில் குதித்த மூவர், நூரின் பெயரில் நடந்த இந்த நாடகத்தை நம்பி நேரே எதிரியின் கையில் விழுந்தார்கள். ஒருவர் பாரிஸில் நூரோடு பழகிய ஃப்ரான்ஸ் ஆன்டெல்ம். இன்னொருவர் மாத்லேன் தாமர்மான்.

கே: "தப்ப மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டிருந்தால் பாரிஸிலேயே இருந்திருக்கலாமே?

நவம்பரில் சக கைதிகள் இருவரோடு கூரை வழியே தப்பினார். விமானத் தாக்குதல் எச்சரிக்கையால் காவலர்கள் அறைகளைச் சோதிக்க, மூவரும் சிக்கினார்கள். அதன்பிறகு கேட்ட உறுதிமொழி அது. ஒருவர் கையெழுத்திட்டு அங்கேயே இருந்தார். நூரால் முடியவில்லை, தப்பும் எண்ணம் அவருக்கு இருந்தது, இல்லை என்று எப்படி எழுதுவார்? ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் கையும் காலும் சங்கிலியிட்டுத் தனியறையில் பல மாதங்கள் வைத்தார்கள். 1944 செப்டம்பர் 13 அன்று டாஹவ் நாஜி வதைமுகாமில் அவரோடு இன்னும் மூன்று பெண் ஏஜென்ட்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் மாத்லேன் தாமர்மான்.