காந்தம் ஒட்டவில்லையாம்!

கடலோர வீடுகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

பால்கனிக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி போட்டோம். கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. எட்டே மாதத்தில் வெல்டிங் ஓரமெல்லாம் பழுப்புக் கறை. வீடு சென்னை கொட்டிவாக்கத்தில், கடலிலிருந்து இரண்டாவது தெரு.

அந்தக் காந்த வித்தையில் நானும் ஏமாந்தவன்தான். என் மொட்டைமாடிக் கைப்பிடியை இப்போதும் மாதாமாதம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். எஸ்.எஸ்.ஸில் விலை குறைந்த ரகம் 202, அதைவிட நல்ல ரகம் 304, இரண்டிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. உப்புக்காற்றில் 304-க்கே கறை விழும். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316-ஐத்தான் கேட்டிருக்க வேண்டும். பில்லில் 304 என்று எழுதியிருந்தால் ஒரு துண்டை லேபில் கொடுத்துச் சோதித்துவிட்டுச் சண்டைக்குப் போங்கள். வெறும் ‘எஸ்.எஸ். பைப்’ என்றிருந்தால் நல்ல தண்ணீரில் வாராவாரம் கழுவுங்கள், வேறென்ன சொல்ல!

ஏசி அவுட்டோர் யூனிட்டைக் கடல் பார்த்த பால்கனியில் வைக்கலாமா?

வேண்டாம். பின்பக்கச் சுவரில் மாட்டுங்கள்.

பெசன்ட் நகரில் பழைய ஃபிளாட். புது பெயின்ட் அடித்துப் பளிச்சென்று இருக்கிறது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். இனி எதைக் கவனிக்க வேண்டும்?

கொடுத்த பிறகா கேட்பீர்கள்? அந்தப் பெயின்ட் எதை மறைக்கிறதோ! சரி, பால்கனியின் அடிப்பக்கத்தையும் சன்ஷேடையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே காலியாக இருப்பதுபோல் பொத்தென்று சத்தம் வந்தால், கிரயப் பத்திரத்துக்கு முன் ஓர் இன்ஜினியரைக் கூட்டிப்போங்கள்.

புது ஃபிளாட்டில் குடியேறி மூன்று வருடம். பால்கனி மேல்தளம் பெயர்ந்து விழுந்து கம்பி தெரிகிறது. பேரன் தப்பியது தெய்வாதீனம். “கடல் காத்து சார், நாங்க என்ன பண்றது” என்கிறார் பில்டர். போட்டோ அனுப்பியுள்ளேன்.

படிக்கவே வயிறு எரிகிறது. கடல் காற்று நேற்றா வீச ஆரம்பித்தது? கடற்கரைக் கட்டடத்தில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட், குறைந்தது எம்30 என்ற வலுவுள்ள கலவை என்று, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. உங்கள் போட்டோவில் கம்பிக்கு மேல் ஒரு விரல் கனம்கூட இல்லை. உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கம்பிக்கு அடியில் இடைவெளி விட, சில ரூபாய் கவர் பிளாக்கை வைக்க வேண்டிய இடத்தில் ஜல்லியைச் சொருகிவிட்டுப் போகிறார்கள். நாமும் டைல்ஸ் பார்க்க ஆறு கடை ஏறுகிறோம், கான்கிரீட் போடும் அன்று மட்டும் சைட் பக்கம் போவதில்லை.

ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 14(3) பிரிவுப்படி, சாவி வாங்கிய ஐந்து வருடத்துக்குள் இப்படிக் கட்டுமானக் குறை தெரிந்தால், நீங்கள் எழுதிக் கொடுத்த 30 நாளில் பில்டர் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். புகாரை இன்றே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மேலே பூசி மூடினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். துருப்பிடித்த கம்பியைச் சுற்றிலும் கொத்தி, துருவைச் சுரண்டி, அப்புறம்தான் பூச்சு.

போர் தண்ணீரிலேயே கான்கிரீட் போடலாம் என்கிறார் மேஸ்திரி. லேசாகத்தான் கரிக்கிறது.

நாக்கை நம்பாதீர்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் ஆகாது. லேபில் கொடுங்கள். ரிசல்ட் வரும்வரை லாரித் தண்ணீர்.