த்ராட்டில் பாடி வாங்கும் முன்: சி5 கார்வெட் கேள்வி பதில்

1997 முதல் 2004 வரை வந்த சி5 கார்வெட் (செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் கார்), எல்எஸ்1 எஞ்சின். அதன் காற்றுப் பாதையை வீட்டு கராஜிலேயே மாற்றுவது பற்றி வந்த கேள்விகள் இவை. த்ராட்டில் பாடி என்பது மிதியை அழுத்தினால் திறந்து காற்றை விடும் தட்டு உள்ள குழாய். அதற்குப் பின்னால், அந்தக் காற்றை எட்டு சிலிண்டருக்கும் பிரித்துவிடுவது இன்டேக் மேனிஃபோல்ட். நான் மெக்கானிக் இல்லை. 2000ஆம் வருடத்து வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு மேனிஃபோல்டை நான்கு முறை கழற்றியவன். அதில் ஒரு முறை முழுக்க என் தவறால்.

கேள்வி (1999 கூப்பே): எல்எஸ்6 (எல்எஸ்1இன் பலம் கூடிய வடிவம்) இன்டேக் மேனிஃபோல்ட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஒரே நாளில் நானே போட்டுவிட முடியுமா?

முடியும். சனிக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள், ஞாயிறையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஃப்யூவல் ரெயிலில் டயர் வால்வு மாதிரி ஒரு வால்வு இருக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு அதை அழுத்தி அழுத்தத்தை இறக்குங்கள். உள்ளே 58 பிஎஸ்ஐ அளவில் பெட்ரோல் நிற்கிறது, கண்ணாடி போடாமல் அதைத் தொடாதீர்கள்.

மேனிஃபோல்டைப் பிடித்திருப்பது பத்தே போல்ட்கள், எல்லாம் 8 மில்லிமீட்டர் தலை. கஷ்டம் பின்பக்கத்தில். மேப் சென்சாரும் (மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தத்தை அளப்பது) பிரேக் பூஸ்டர் ஹோஸும் வண்டியின் முன் கண்ணாடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, முழு மேனிஃபோல்டையும் உங்கள் பக்கம் இழுத்தால்தான் கை நுழையும். ரெயிலைத் தனியாகக் கழற்றாதீர்கள், மேனிஃபோல்டோடு சேர்ந்தே வரட்டும்.

தூக்குவதற்கு முன் வாக்யூம் கிளீனரை வைத்து ஓரங்களில் கிடக்கும் மண்ணை உறிஞ்சுங்கள். தூக்கியவுடன் எட்டு போர்ட்டுக்கும் (காற்று நுழையும் துளைகள்) எட்டுத் துணி. எண்ணி வையுங்கள், எண்ணி எடுங்கள். நான் ஏழு எடுத்துவிட்டு எட்டு என்று நினைத்தேன். ஸ்டார்ட் செய்தால் ஒரு சிலிண்டர் மட்டும் இருமுகிறது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். பழைய பனியன் துணி, வால்வில் பாதி மென்றபடி கிடந்தது.

1999 என்பதால் உங்களுக்கு ஒரு கூடுதல் வேலை. பழைய எல்எஸ்1இல் கூலன்ட் ஆவிக் குழாய் நான்கு மூலைகளுக்கும் போகும். எல்எஸ்6 மேனிஃபோல்டின் அடி தாழ்வு, அதில் இடிக்கும். பிந்தைய மாடல் குழாயை வாங்கி, பின் இரண்டு மூலைகளையும் மூடியால் அடைக்க வேண்டும். திறந்திருக்கும்போதே பின்னால் இருக்கும் ஆயில் பிரஷர் சென்சாரையும் மாற்றிவிடுங்கள். இந்த வண்டியில் அது சாகாமல் இருந்தால்தான் அதிசயம். நடுப் பள்ளத்தில் இரண்டு நாக் சென்சார்கள் (எஞ்சின் தட்டுவதைக் கேட்பவை) இருக்கும். அங்கே தண்ணீர் தேங்கித் துருப்பிடித்திருக்கிறதா பாருங்கள்.

திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, முதல் சுற்று 5 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்று 10. அவ்வளவுதான். மேனிஃபோல்ட் நைலான், ஹெட் அலுமினியம். “இன்னும் ஒரு சின்ன இழுப்பு” என்று கை போனால் மரை கையோடு வந்துவிடும்.

கேள்வி (2002 கன்வெர்ட்டிபிள்): எனக்கும் எல்எஸ்6 மேனிஃபோல்ட் வேண்டும், எங்கே வாங்கலாம்?

வாங்க வேண்டாம். 2001 முதல் எல்எஸ்1 கார்வெட்களிலும் அதைத்தான் போட்டு அனுப்பினார்கள்.

கேள்வி: 75 மில்லிமீட்டர் த்ராட்டில் பாடியை எடுத்துவிட்டு 90 போட்டால் எத்தனை ஹெச்பி கூடும்?

இந்தக் கேள்வி மட்டும் ஆறு பேரிடமிருந்து. சேர்த்தே சொல்கிறேன்.

5.7 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை நிரம்பும். 6000 ஆர்பிஎம்மில், முழுசாக நிரம்புகிறது என்றே வைத்தாலும், நிமிடத்துக்கு 17,000 லிட்டர் காற்று. 75 மில்லிமீட்டர் துளையில் அது வினாடிக்கு 64 மீட்டர் வேகத்தில் போகும். அங்கே இழக்கும் அழுத்தம் மிஞ்சிப்போனால் இரண்டரை கிலோபாஸ்கல், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தில் நூற்றுக்கு இரண்டரை. 90 போட்டால் அதில் பாதி திரும்பக் கிடைக்கலாம். 345 ஹெச்பி எஞ்சினில் மூன்று, நான்கு ஹெச்பி. அதுவும் மேனிஃபோல்டின் வாயும் 90 ஆக இருந்தால்தான்.

இன்னொன்று. எல்எஸ்1இல் மூன்று போல்ட், பிறகு வந்த எல்எஸ்2 எஞ்சினின் 90இல் நான்கு. உங்கள் மேனிஃபோல்டில் நேராக உட்காராது. எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்பதால் கனெக்டரும் ட்யூனிங்கும் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அளவுகளை மாற்றுவது) தனிச் செலவு.

வாங்கும் முன் அளந்து பாருங்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஒரு சாதாரண ஓபிடி ரீடர் போதும். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு மேப் சென்சார் எத்தனை காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாதுகாப்பான இடத்தில், இரண்டாவது கியரில், முழு மிதியில் 6000 வரை போய்ப் பதிவு செய்யுங்கள். வித்தியாசம் இரண்டு, மூன்று கிலோபாஸ்கல் என்றால் உங்கள் காற்றுப் பாதை அடைபடவில்லை. பணத்தை டயருக்குப் போடுங்கள்.

கேள்வி: எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் நல்லதா?

எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால், உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரின் கம்பியில் படியும். அதற்கென்றே இருக்கும் ஸ்ப்ரேயால் மட்டும் துடையுங்கள், கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம். நான் காகித ஃபில்டர்தான் போடுகிறேன்.

கேள்வி (90 மி.மீ. அன்பர்): உங்கள் கணக்கு காகிதத்தில் சரி. நான் 90 போட்டேன், வண்டி சீறுகிறது. டைனோவில் (சக்தியை அளக்கும் மேடை) 9 ஹெச்பி கூடியது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சீறுவது உண்மை. மிதியைக் கால்வாசி அழுத்தினால் பெரிய தட்டு அதிகக் காற்றை விடும். முன்பு பாதி மிதியில் வந்தது இப்போது கால்வாசியிலேயே வருகிறது. முழு மிதியில் இருப்பது அதே எஞ்சின்தான். 9 ஹெச்பிக்கு ஒரு கேள்வி: இரண்டு ஓட்டமும் ஒரே நாளா, எஞ்சின் ஒரே சூட்டில் இருந்ததா?

அவரே மறுபடி: முதல் ஓட்டம் ஆகஸ்டில், இரண்டாவது நவம்பரில். ஆனால் டைனோ வானிலையைத் திருத்திக் கொடுக்கும், இதுகூடத் தெரியாதா?

தெரியும். அந்தத் திருத்தம் அறையின் காற்றுக்கு. சூடான பானெட்டுக்கு அடியில் மேனிஃபோல்ட் எவ்வளவு கொதித்திருந்தது, கம்ப்யூட்டர் இக்னிஷனை எவ்வளவு பின்னுக்கு இழுத்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கூடவே ட்யூனிங்கும் செய்தீர்களா?

அவரே: செய்தேன்.

அப்புறம் என்ன, 9 ஹெச்பி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேப் அளவை எடுத்து வாருங்கள், மேலே பேசுவோம்.

கேள்வி: போர்ட் செய்த, அதாவது உள்ளே குடைந்து பெரிதாக்கிய, த்ராட்டில் பாடிக்கு எத்தனை ஹெச்பி?

மேலே 90க்குச் சொன்ன பதிலையே படியுங்கள்.

கேள்வி (டொராண்டோ): த்ராட்டிலுக்குள் ஓடும் கூலன்ட் ஹோஸை பைபாஸ் செய்யலாமா? காற்று குளிர்ந்து வருமாமே.

பனி உறைந்து தட்டு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தச் சூடு. டொராண்டோவில் இருந்துகொண்டு இதைக் கழற்ற நினைக்கிறீர்களே!

கேள்வி: தட்டைச் சுத்தம் செய்யும்போது விரலால் திறந்து பிடிக்கலாமா?

சாவி போட்ட நிலையில் கூடவே கூடாது. மோட்டார் திடீரென்று மூடினால் விரல் நடுவில் மாட்டும். பாடியைக் கழற்றி வெளியே வைத்துத் துடையுங்கள்.

கேள்வி: மேனிஃபோல்ட் மாற்றியபின் ஐடில் ஏறி இறங்குகிறது. பி0171, பி0174 என்ற எரர் கோடுகள் இரண்டும் வருகின்றன.

இரண்டு பக்கமும் காற்று அதிகம் என்கிறது. ஃப்யூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பாருங்கள். ஐடிலில் கூடுதலாக இருந்து 2500 ஆர்பிஎம்மில் சரியாகிவிட்டால் எங்கோ காற்று கசிகிறது. பிரேக் பூஸ்டர் ஹோஸை மாட்ட மறந்திருப்பீர்கள், அதை முதலில் பாருங்கள். எல்லா வேகத்திலும் கூடுதலாகவே இருந்தால் மாஃப் சென்சாரைச் சந்தேகியுங்கள்.

கேள்வி (கலிஃபோர்னியா): வெளிக் கம்பெனி இன்டேக் போட்டால் ஸ்மாக் (புகை) சோதனையில் பிரச்சினை வருமா?

அந்தப் பொருளுக்குக் கார்ப் (கலிஃபோர்னியாவின் காற்று வாரியம்) தரும் ஈஓ என்ற அனுமதி எண் இருந்தால் வராது. ஸ்டிக்கரைப் பானெட்டுக்கு அடியில் ஒட்டி வையுங்கள்.

கேள்வி: தரைக்குப் பக்கத்திலிருந்து காற்றை இழுக்கும் கிட் எப்படி?

இந்த வண்டி ஏற்கனவே மூக்குக்கு அடியிலிருந்துதான் மூச்சு விடுகிறது. இன்னும் தாழ்த்தினால் மழைநாள் பள்ளம் ஒன்று போதும். பிஸ்டன் தண்ணீரை அமுக்காது, கனெக்டிங் ராட்தான் வளையும்.

கேள்வி (கோவை): என் ஸ்விஃப்ட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் போடலாம்?

உங்கள் ஊரில் ரேஸ் வண்டி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். எனக்கு இந்த ஒரு எஞ்சின்தான் தெரியும்.

கேள்வி (90 மி.மீ. அன்பர்): அளந்துவிட்டேன். சாவி போட்டால் 100. முழு மிதியில் 6000இல் 94. 90 த்ராட்டிலோடுதான். இப்போது சொல்லுங்கள், அடைப்பு இருக்கிறதா இல்லையா?

இருக்கிறது, ஆறு கிலோபாஸ்கல். அது த்ராட்டிலில் இல்லை என்பதற்கு உங்கள் 90தான் சாட்சி. ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

அவரே, மறுநாள்: பார்த்தேன். உள்ளே எலி கூடு கட்டியிருக்கிறது. ஃபில்டரில் பாதியைக் காணோம்.

புது ஃபில்டர் போட்டு, மாஃப் சென்சாரைத் துடைத்து, மறுபடி அளந்து எழுதுங்கள். பழைய 75ஐ விற்றுவிடவில்லையே?