பொது நூலகத்தில் மின்னூலுக்கும் ஏன் வரிசையில் காத்திருக்க வேண்டும்? நூலக அட்டையால் வேறு என்ன பயன்?

கேள்வி கேட்டவர், செயலியில் ஒரு மின்னூலைத் தேடினால் பத்து வாரம் காத்திருக்கச் சொல்கிறது, வெறும் கோப்புதானே, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் என்ன என்று எழுதியிருக்கிறார். இதே கேள்வியை இதே எரிச்சலோடு நூலக மேசையில் போய் நான் கேட்டிருக்கிறேன். "எங்களிடம் அந்தப் புத்தகம் மூன்று பிரதிதான் இருக்கிறது" என்றார் அங்கிருந்தவர். மின்னூலுக்கு ஏது பிரதி என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

விஷயம் இதுதான். அச்சுப் புத்தகத்தை நூலகம் காசு கொடுத்து வாங்கிவிட்டால் அது நூலகத்தின் சொத்து. அட்டை கிழிந்து, முதுகு பிரிந்து, பசை போட்டு ஒட்டி ஒட்டி எத்தனை வருடம் வேண்டுமானாலும் இரவல் கொடுக்கலாம். மின்னூலை அப்படி வாங்க முடிவதில்லை, உரிமம்தான் எடுக்கிறார்கள். ஓர் உரிமத்தில் ஒரு சமயத்தில் ஒருவர் மட்டுமே படிக்கலாம் என்பதுதான் பெரும்பாலும் நிபந்தனை. மூன்று உரிமம் இருந்தால் மூன்று பேர். நான்காவது ஆள் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அந்த உரிமத்துக்கும் ஆயுள் உண்டு. 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் முடிந்துவிடும் என்று விதி போட்டது. ஆளுக்கு இரண்டு வாரம் என்று வைத்தால் சரியாக ஒரு வருடம். தேயாத கோப்பைத் தேய்ந்ததாகக் கணக்குக் காட்டுகிறார்கள்! இப்போது பெரிய பதிப்பகங்கள் பலவும் இரண்டு வருட உரிமம் தருகின்றன. விலையோ நாம் தனியாக வாங்கும் மின்னூலைப்போல் சில மடங்கு. 2019 நவம்பரில் மேக்மில்லன் பதிப்பகம் இன்னும் ஒரு படி மேலே போய், புது மின்னூல் வெளிவந்த முதல் எட்டு வாரத்துக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு பிரதிதான் என்றது. எத்தனை கிளைகள் இருந்தாலும் ஒன்றுதான். பல நூலகங்கள் அவர்களிடம் மின்னூல் வாங்குவதையே நிறுத்தின. 2020 மார்ச்சில் அந்த விதியை மேக்மில்லன் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே அடுத்த முறை "காத்திருக்கவும்" என்று வந்தால் நூலகரைத் திட்டாதீர்கள்.

நூலக அட்டையை வைத்து மின்னூல் இரவல் எடுக்கும் ஹூப்லா மாதிரியான சேவைகளில் பெரும்பாலும் வரிசையே கிடையாது. அங்கே ஒவ்வொரு இரவலுக்கும் நூலகம் தனித்தனியாகப் பணம் கட்டுகிறது. எல்லோரும் ஆசைப்பட்டால் நூலகத்தின் கஜானா காலி என்பதால், ஒருவருக்கு மாதம் இத்தனைதான் என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள்.

சரி, வரிசையை எப்படிச் சமாளிப்பது? நான் பயன்படுத்துவது லிப்பி (Libby) என்கிற, நூலக மின்னூல்களை இரவல் எடுக்கும் செயலி. ஆரம்பத்தில் ஆர்வக்கோளாறில் ஏழெட்டுப் புத்தகங்களுக்கு முன்பதிவு போட்டேன். மாதக்கணக்கில் சத்தமே இல்லை, அப்புறம் ஒரே வாரத்தில் மூன்று வந்து நின்றன. ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் மற்ற இரண்டும் தானாகத் திரும்பிப் போய்விட்டன, நான் மறுபடி வால் பக்கம். உங்கள் முறை வரும்போது "பிறகு தரவும்" என்கிற மாதிரி ஒரு தேர்வு இருக்கும், அதை அழுத்தினால் இடம் உங்களுடையதாகவே இருக்கும், புத்தகம் மட்டும் அடுத்தவருக்குப் போகும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒலிப்புத்தகத்துக்கு வரிசை தனி, அதையும் ஒரு பார்வை பாருங்கள். இன்னொரு நூலகத்தின் அட்டை இருந்தால் அதே செயலியில் சேர்த்துக்கொள்ளலாம். இதழ்களுக்குக் காத்திருக்கவே வேண்டாம். முன்பதிவு போடுவது வீண் என்றும் நினைக்காதீர்கள். வரிசை நீண்டால்தான் கூடுதல் உரிமம் வாங்கலாமா என்று நூலகம் யோசிக்கும்.

இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு நாவலுக்கு ஒன்பது வாரமாகச் செயலியில் காத்திருந்தேன். வேறு ஏதோ வேலையாக நூலகத்துக்குப் போனால், அதே நாவல், பின்னட்டை கொஞ்சம் மடங்கி, அலமாரியில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அச்சுப் பிரதியைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கு அங்கே கணினி, கைப்பேசி உதவி நேரம் நடந்துகொண்டிருந்தது. முதியவர் ஒருவர் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு டேப்லெட் கொண்டுவந்திருந்தார். எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் தேவை. உதவிக்கு இருந்த பெண் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "நீங்களே அழுத்துங்கள் ஐயா, இன்னொரு தடவை" என்று மூன்று முறை அவரையே செய்ய வைத்தார். எழுத்து கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்ததும் பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டார். அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கத்தை முழுதாகப் படித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அட்டையால் வேறு என்ன பயன் என்ற உங்கள் கேள்விக்கு, மொழிப் பாடங்கள், திரைப்படங்கள், சந்தா கட்டினால்தான் திறக்கும் தரவுத்தளங்கள், குழந்தைகளுக்குக் கதை நேரம் என்று எவ்வளவோ சொல்லலாம், நூலகத்துக்கு நூலகம் பட்டியல் மாறும். என்னைக் கேட்டால் அந்த உதவி நேரம்தான் முதலில். அதற்குப் பல இடங்களில் அட்டைகூடக் கேட்பதில்லை. நிகழ்ச்சி நாட்காட்டியில் பார்த்துவிட்டு, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். சார்ஜரையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். நான் பார்த்தவரை பாதிப் பேருக்குக் கடவுச்சொல்லை நினைவுபடுத்துவதிலேயே நேரம் முடிந்துவிடுகிறது.