புல்தரைக்குப் பதிலாகப் படரும் தைம் வளர்க்கலாமா?

தரையோடு படரும் இந்த வாசனை மூலிகைச் செடியை வளர்க்கலாம், ஆனால் எந்த இடத்தில் என்பதுதான் விஷயம். நடைபாதைக் கல் இடுக்கு, படி ஓரம், வெயில் விழும் சரிவு என்றால் யோசிக்காமல் நடுங்கள். பிள்ளைகள் பந்து விளையாடும் இடமென்றால் புல்லையே விட்டுவிடுங்கள். எப்போதாவது மிதித்தால் தாங்கும், வாசமும் கிளம்பும். தினமும் ஓடி மிதித்தால் தாங்காது.

குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும், தண்ணீர் நிற்காத மண் வேண்டும், மற்றபடி இது அதிகம் கேட்காத செடி. தொழு உரம் கொட்டிச் செழிப்பாக்க வேண்டாம், தண்டு நெடுநெடுவென்று நீண்டு நோஞ்சானாகிவிடும். களிமண் என்றால் பொடிச்சரளை கலந்து கொஞ்சம் மேடாக்கிக்கொள்ளுங்கள். குளிரில் செத்துவிட்டது என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் கொன்றது குளிர் அல்ல, குளிர்காலம் முழுக்க வேரைச் சுற்றி நின்ற ஈரம். வெயில் காலத்தில் புழுக்கமும் ஈரமும் சேர்ந்தாலும் இதே கதைதான். அதனால் வேர் பிடிக்கும்வரை ஒழுங்காகத் தண்ணீர் விடுங்கள், அப்புறம் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு விட்டால் போதும்.

விதை தூசி மாதிரி இருக்கும். மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவி லேசாக அழுத்திவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். பொறுமை இல்லையென்றால் நாற்று வாங்கி 20 முதல் 30 செ.மீ. இடைவெளியில் நடுங்கள்.

முதல் வருடம்தான் சோதனை. இது மெதுவாகப் படரும், களை வேகமாக வரும், செடியின் உயரமோ 5 முதல் 8 செ.மீ.தான், எந்தக் களையும் சுலபமாக அதற்கு மேல் தலையை நீட்டிவிடும், மூடாக்கு போட்டு அமுக்கலாம் என்றால் தைமும் சேர்ந்து மூடிப்போகும். கையால்தான் பிடுங்க வேண்டும். பிடுங்கும்போது இரண்டு விரலால் தைமை மண்ணோடு அழுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் களையோடு அதுவும் கையில் வந்துவிடும். ஒரு தண்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள், மண்ணைத் தொட்ட கணுக்களில் நூல் நூலாக வேர் விட்டிருக்கும். அந்தத் துண்டை நறுக்கி வெற்றிடத்தில் நட்டால் தனிச்செடி. ஒரு தட்டு நாற்றை வைத்தே பெரிய இடத்தை நிரப்புகிறவர்கள் செய்வது இதைத்தான்.

பூத்து முடிந்ததும் நுனியை லேசாகக் கத்தரித்துவிடுங்கள். இலையே இல்லாத கட்டைத் தண்டுவரை வெட்டினால் பல சமயம் திரும்பத் துளிர்க்காது. சில வருடங்களில் நடுவில் வழுக்கை விழும். பயப்பட வேண்டாம், அங்கே மணல் கலந்த மண்ணைத் தூவி, ஓரத்திலிருந்து வேர் விட்ட துண்டுகளை எடுத்து நடுங்கள். பூக்கும் நாட்களில் தேனீ மொய்க்கும், வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

ஒன்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பளிச்சென்ற நீலப் பூக் கம்பளம் படம் போட்டு இதன் விதை என்று விற்கிறார்கள். அப்படி ஒரு நீலத் தைம் கிடையாது, படமே மாற்றிய படம். இதன் பூ இளஞ்சிவப்பு, ஊதா, வெள்ளை, மிஞ்சிப்போனால் அடர் செந்நிறம். காசு போடும் முன் பொட்டலத்தில் தாவரப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்: தைமஸ் செர்பில்லம் அல்லது தைமஸ் பிரேகாக்ஸ்.