கொரில்லாவைப் பார்க்க மலையேறலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 58 வயது. ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். மகளும் மருமகனும் உகாண்டாவில், கம்பாலாவில் வேலை பார்க்கிறார்கள். ஜூலையில் என்னையும் 12 வயதுப் பேரனையும் அங்கே அழைத்திருக்கிறார்கள். புவிண்டி காட்டில் மலைக் கொரில்லா பார்க்க நால்வருக்கும் அனுமதிச் சீட்டு வாங்கப்போகிறார்களாம். எனக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருக்கிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, நீர் மாத்திரை சேர்ந்த டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன். மூன்று மாதச் சர்க்கரை அளவு 7.4. படி ஏறி இறங்கினால் வலது முழங்கால் வலிக்கும். நான் போகலாமா? என்னென்ன ஊசி போட வேண்டும்?

பதில்: நீங்கள் போகலாம் அம்மா. பேரன் போக முடியாது. 15 வயது நிரம்பாதவர்களைக் கொரில்லா பார்க்க அனுமதிப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குச் சீட்டு ஒன்றுக்கு 800 டாலர் ஆகிறது. பணம் கட்டுவதற்கு முன் இதை மகளிடம் சொல்லிவிடுங்கள்.

புவிண்டி 1,160 மீட்டரிலிருந்து 2,607 மீட்டர் வரை உயர்ந்து கிடக்கும் காடு. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர். ஊட்டியில் உங்களுக்கு மூச்சு வாங்கியதில்லை என்றால் உயரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். சிரமம் சரிவில்தான். கொரில்லாக் குடும்பம் நேற்று இரவு எங்கே படுத்தது என்று வழி தேடுபவர்கள் விடியற்காலையிலேயே போய்ப் பார்ப்பார்கள். அந்த இடத்தை நோக்கி நீங்கள் நடக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடுபவர்களும் உண்டு, ஐந்தாறு மணி நேரம் சேற்றிலும் கொடிகளுக்குள்ளும் ஏறி இறங்கியவர்களும் உண்டு. எவ்வளவு தூரம் என்று முன்கூட்டித் தெரியாத நடை இது. அதனால் உங்கள் வயதில், சர்க்கரையும் கொதிப்பும் இருக்கையில், இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் பரிசோதனை மூன்றையும் முடித்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பின் அறிகுறி நெஞ்சு வலியாக வராமல் வெறும் களைப்பாக வரலாம் என்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன்.

உங்கள் மாத்திரைகளில் நான் கவனிப்பது கிளிமிபிரைடை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்ந்துபோகும் பயம் மிகக் குறைவு. கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு நான்கு மணி நேரம் மலை ஏறினால் தாழ்நிலை வரலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் மலையேற்றத்திலும் வருபவை என்பதால், 'களைத்துவிட்டேன்' என்று நீங்களே தவறாக நினைத்துக்கொள்வீர்கள். நடக்கும் நாளில் அந்த மாத்திரையைக் குறைப்பதா, விடுவதா என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். குளுக்கோமீட்டர் கையில் இருக்கட்டும். கடலைமிட்டாய் வழியில் சாப்பிட நல்லது. ஆனால் சர்க்கரை தாழ்ந்த நேரத்தில் அதை நம்பக்கூடாது, அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். அப்போது குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். அது மகளின் பையிலும் ஒன்று இருக்கட்டும்.

முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். நீங்கள் சாப்பிடும் டெல்மிசார்டன், அதோடு நீர் மாத்திரை, அதற்கு மேல் இந்த வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்து, வியர்த்து உடலில் நீரும் வற்றினால், சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். வலித்தால் பாரசிட்டமால் போதும். இரண்டு லிட்டர் தண்ணீராவது எடுத்துப் போங்கள்.

உண்மையான மருந்து பயிற்சிதான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி பத்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள். ஒரு காலுக்குப் பதினைந்து முறை, தினமும் இருவேளை. பிறகு படிக்கட்டு. முழங்காலைப் படுத்துவது ஏற்றத்தைவிட இறக்கம் என்பதால் இறங்கவும் பழகுங்கள். எட்டு வாரமாவது வேண்டும். அங்கே சுமைதூக்க ஆள் கிடைப்பார்கள், தயங்காமல் ஒருவரை அமர்த்துங்கள். பை சுமப்பது மட்டுமல்ல, வழுக்கும் இடத்தில் கைகொடுத்துத் தூக்கிவிடுவதும் அவர்கள்தான். அந்தக் கூலி காட்டோர ஊர்களில் ஒரு வீட்டின் வருமானம். அறவே நடக்க முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்லும் ஏற்பாடும் உண்டு.

பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புது ஷூவை அன்று முதன்முதலாகப் போடாதீர்கள். அங்கே காஞ்சொறிச் செடி அதிகம், எறும்பும் அதிகம். முழு பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகி, தடித்த கையுறை போடுங்கள்.

ஊசி பற்றிக் கேட்டீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது. திரும்பும்போது சான்றிதழ் இல்லையென்றால் நம் விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், நாள் விசாரித்துவிட்டுப் போங்கள். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி அது. 60 வயதுக்கு மேல் அரிதாகக் கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுகிறது, நீங்கள் இப்போதே போட்டுக்கொள்வது நல்லது. முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்கள், ஸ்டீராய்டு போல எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் முதலில் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை இதற்குத் தடையில்லை. மஞ்சள் காமாலை ஏ, டைபாய்டு தடுப்பூசிகளையும் கேளுங்கள்.

மலேரியாவுக்கு உங்களைப் போன்ற பயணிகளுக்கான ஊசி இல்லை, மாத்திரைதான். அங்கிருப்பது உயிரை எடுக்கும் ஃபால்சிபாரம் வகை, குளோரோகுயின் அதற்குப் பயன்படாது. டாக்சிசைக்ளின் என்றால் ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும், அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துவிட்டு உங்கள் மருத்துவர் தேர்ந்தெடுப்பார். வந்த பிறகு எந்த மாதம் காய்ச்சல் அடித்தாலும் 'உகாண்டா போயிருந்தேன்' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்களுக்கு அங்கே என்ன தொற்றும் என்று கேட்டீர்கள், உங்களிடமிருந்து அங்கே என்ன தொற்றும் என்பதும் என் கவலை. 2019-ல் வெளியான கணக்குப்படி உலகத்திலேயே மலைக் கொரில்லாக்கள் 1,063தான். மரபணுவில் நமக்கு மிக நெருங்கியவை என்பதால் நம் சளி அவற்றுக்கும் பிடிக்கிறது. நமக்கு ஆண்டாண்டாகப் பழகிய கிருமி அவற்றுக்குப் புதிது. 2009-ல் ருவாண்டாவில் ஹிர்வா என்ற குடும்பம் இருமத் தொடங்கியது. ஒரு பெண் கொரில்லாவும் ஒரு குட்டியும் செத்தன. நமக்குச் சாதாரண ஜலதோஷம் தரும் மெட்டாநிமோ வைரஸ் அங்கே கண்டறியப்பட்டது. நீங்கள் போகும் புவிண்டியிலேயே 1996-ல் ஒரு குடும்பத்துக்குச் சிரங்கு வந்து ஒரு குட்டி இறந்தது. அதற்கு வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-ஜிகுசோகா, சிரங்கு மனிதர்களிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று கண்டு, பிறகு 2003-ல் காட்டைச் சுற்றியுள்ள ஊர் மக்களின் ஆரோக்கியத்துக்கும் சேர்த்தே ஓர் அமைப்பு தொடங்கினார். மக்கள் நலமாக இருந்தால்தான் கொரில்லாவும் பிழைக்கும் என்பது மருத்துவனாக எனக்கு மனதுக்கு மிக நெருக்கமான கருத்து.

ஒரு குடும்பத்தைப் பார்க்க நாளொன்றுக்கு எட்டுப் பேர், ஒரே ஒரு மணி நேரம், முகக்கவசம், சில மீட்டர் இடைவெளி என்ற விதிகளெல்லாம் இதற்காகத்தான். குட்டி ஆசையாக ஓடி வந்தாலும் நீங்கள் பின்வாங்க வேண்டும். தும்மல் வந்தால் திரும்பி முழங்கை மடிப்பில் தும்முங்கள். ஃப்ளூ ஊசியைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போடுங்கள், சர்க்கரை உள்ள உங்களுக்கும் அது தேவைதான்.

இருமல் மருந்தைக் குடித்துச் சத்தத்தை அடக்கிக்கொண்டு காட்டுக்குள் போகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யக்கூடாது என்று கைகூப்பிக் கேட்கிறேன். அன்று காலையில் தொண்டை கரகரத்தாலும் வன அலுவலரிடம் சொல்லிவிட்டு விடுதியில் இருந்துவிடுங்கள். உடல்நலக் குறைவு என்றால் தேதியை மாற்றவோ பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறவோ என்ன விதி என்று, சீட்டு வாங்கும்போதே மகளைக் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.